குடும்பத்துக்கு ஆரோக்கியமான, சுற்றுச்சூழலைக் கெடுக்காத வீடு கட்ட எதிலிருந்து தொடங்க வேண்டும்?

சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், ப்ளான் இன்னும் முடிவாகவில்லை, எந்தெந்தப் பொருள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளை அப்புறம் பார்ப்போம். முதலில் ஈரத்தைப் பாருங்கள்.

சொந்த வீடு கட்டுவதற்கு முன் நாங்கள் குடியிருந்த இடத்தில் என் மகளுக்கு ராத்திரியானால் இருமல். மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். ஒருநாள் அவள் கட்டிலை ஒட்டி நின்ற பீரோவை நகர்த்தினேன். பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். தொட்டால் விரலில் மாவு போல ஒட்டின. பீரோவின் முதுகுப் பலகை ஊறி உப்பியிருந்தது. பூஞ்சை. அதன் மேலேயே பெயின்ட் அடித்து மூடினேன். ஆறு மாதத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது, அடியில் அதே கறுப்பு. மகளுடைய இருமலும் போகவில்லை. அன்றைக்கே சுவரைக் கவனித்திருக்க வேண்டும் என்று இன்றும் வருத்தப்படுகிறேன்.

சுவர் ஏன் நனைகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஓர் அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, 2 நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் அறைப் பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டாவதைக் காற்றோட்டத்தால் சரிசெய்யலாம். முதலாவதைக் கட்டும்போதே தடுத்துவிடுவதுதான் சுலபம்; குடிவந்த பிறகு பெரும்பாடு.

அதனால் எங்கள் வீட்டில் அஸ்திவாரத்துக்கு மேலே, சுவர் எழும்புவதற்கு முன், ஈரத்தடுப்புப் பூச்சைச் சுவரின் முழு அகலத்துக்கும் இடைவெளி விடாமல் போடச் சொன்னோம். வெளித்தரையைத் தளத்தைவிடத் தாழ்வாக, சுவரை விட்டு விலகி நீர் ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். சன்ஷேடின் அடியில், விளிம்புக்குச் சற்று உள்ளே, விரல் அகலத்துக்கு ஒரு காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம். “இது எதுக்கும்மா, யாரு பார்க்கப்போறா?” என்றார் கொத்தனார். முதல் மழையில் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். விளிம்பைச் சுற்றி அடிப்பக்கம் வந்த தண்ணீர் அந்தக் காடிவரை ஊர்ந்து, அங்கேயே சொட்டியது. சுவர் காய்ந்தே இருந்தது.

சமையலறையில் கேஸ் எரியும்போது நீராவியோடு நைட்ரஜன் டை ஆக்சைடும் வருகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அது ஆகாது. சிம்னி வாங்கினால் குழாய் வெளியே போகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். காற்றை வடிகட்டி அறைக்கே திருப்பிவிடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்குமே தவிர நீராவியை வெளியேற்றாது. குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் சும்மாதான் சுற்றும்.

பீரோ, அலமாரிக்கு எடுக்கும் ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டு பலவற்றில் உள்ள பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். குறைந்த கசிவுள்ள இ0 அல்லது இ1 தரம் கேளுங்கள். மரவேலையை முடித்து, குடிபோகுமுன் சில வாரம் ஜன்னல்களைத் திறந்து போடுங்கள். பழைய கதவு, ஜன்னல்களை மறுபடி பயன்படுத்துவது நல்ல யோசனை, நாங்களும் செய்தோம். ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் வாய்க்குப் போகும். பரிசோதித்துவிட்டுத் தொடுங்கள்.

சுற்றுச்சூழல் என்று பார்த்தால் நான் முதலில் கைவைப்பது சதுர அடியில்தான். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். எரிபொருளின் புகை ஒரு பக்கம் இருக்க, கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு பிரிகிறது. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருவது. வருஷத்துக்கு நாலு நாள் திறக்கிற விருந்தினர் அறையை நாங்கள் வரைபடத்திலேயே அடித்துவிட்டோம். அந்த ஓர் அறையால் மிச்சமானதை எந்தப் பசுமை முத்திரைப் பொருளும் ஈடுகட்டியிருக்காது. மழைநீர்த் தொட்டிக்குக் கணக்கு சுலபம்: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர்.

ப்ளான் முடிவாவதற்குள் ஒருநாள் பிற்பகல் 3 மணிக்கு மனையில் போய் நில்லுங்கள். சாயும் வெயில் அடிக்கிற பக்கம் மாடிப்படியோ குளியலறையோ வரட்டும், படுக்கையறை வேண்டாம். அங்கே கண்ணாடி வைத்தே ஆக வேண்டுமென்றால் மறைப்பு வெளியே இருக்கட்டும். உள்ளே திரை போடும்போது சூடு ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். என் மகளின் அறையைக் கிழக்கே வைத்தோம். அவளுடைய பீரோ சுவரை விட்டு நாலு விரல் தள்ளி நிற்கிறது. மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பின்னால் பார்த்துவிடுவேன்.