எடை குறைகிறது, வேகமும் குறைகிறதே?

சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுபவர்களிடம் சாப்பாடு பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் எடையைக் குறைப்பது பற்றித்தான். ‘நான் சாப்பிடுவது போதுமா?’ என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: எடை 60 கிலோ, உடல் கொழுப்பு 10 சதவீதம். தினமும் மூன்று மணி நேரப் பயிற்சி. பவர் மீட்டர் 1,500 கிலோஜூல் காட்டுகிறது. ஒரு நாளைக்கு 2,800 கிலோகலோரி சாப்பிடுகிறேன். போதுமா?

போதாது. பவர் மீட்டர், அதாவது பெடலில் நீங்கள் செலுத்தும் சக்தியை அளக்கும் கருவி, காட்டும் கிலோஜூலை அப்படியே கிலோகலோரி என்று எடுத்துக்கொள்ளலாம். உடல் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, ஒரு கிலோகலோரி என்பது 4.18 கிலோஜூல், ஆகவே இரண்டும் ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். 2,800-இல் 1,500 போனால், உடலின் மற்ற வேலைகளுக்கு மிச்சம் 1,300. கொழுப்பு நீங்கலாக உங்கள் எடை 54 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 24 வருகிறது. இருக்க வேண்டியது 45 அளவில். 30-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும் என்பது பெண்களிடம் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது. ஆண்களின் உடல் இன்னும் கொஞ்சம் தாங்கலாம். அதற்காக 24-இலேயே மாதக்கணக்கில் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

வீட்டில் வரவு குறைந்தால் முதலில் எதை நிறுத்துவோம்? அரிசியை நிறுத்த மாட்டோம், சுவருக்கு வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போடுவோம். உடலும் அப்படித்தான். இதயத்தையும் மூளையையும் காப்பாற்றிக்கொண்டு, எலும்பைப் பழுதுபார்ப்பது, மாதவிடாய், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, நோய் எதிர்ப்பு என்று ஒவ்வொன்றிலும் கை வைக்கும். முன்பு இதைப் பெண்களின் பிரச்சினையாக மட்டுமே பார்த்தார்கள். 2014-இல்தான் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஆண்களையும் சேர்த்து ‘ரெட்ஸ்’ (விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. காலை விறைப்பு நின்றுபோவது ஆண்களுக்கு ஒரு முக்கியமான அறிகுறி. கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு நாளைக்கு 3,900 கிலோகலோரி அளவுக்கு வேண்டும். கூடுதலாக 1,100. எல்லாவற்றையும் தட்டில் போட வேண்டியதில்லை. ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து எடுத்தாலே மூன்று மணி நேரத்தில் 720 உள்ளே போய்விடும்.

கேள்வி: காலை ஐந்து மணிக்குக் கருப்புக் காபி மட்டும் குடித்துவிட்டு ஓட்டினால் கொழுப்பு கரையும் என்கிறார்களே?

மெதுவாக ஒரு மணி நேரம் ஓட்டினால் பாதகமில்லை. மலையேற்றம், இடைவெளிப் பயிற்சி (வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓட்டுவது) என்றால் வேண்டாம். இரவு முழுக்க ஈரலில் இருந்த சர்க்கரை கரைந்திருக்கும். கடினமான பயிற்சியைப் பாதி வேகத்தில் முடித்துவிட்டு, பத்து மணிக்கு அகோரப் பசியோடு வந்து உட்கார்வீர்கள். கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள்.

கேள்வி: நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ‘ஃபார்முக்கு வந்துவிட்டாய் என்று அர்த்தம்’ என்கிறார் பயிற்சியாளர்.

அவர் சொல்வது தவறு. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். மூன்று மாதம் தாண்டினாலே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பம், தைராய்டு போன்ற காரணங்களை அவர் முதலில் சோதிப்பார். அவை இல்லையென்றால், சாப்பாடு போதவில்லை என்ற சந்தேகம்தான் முன்னால் நிற்கிறது. கருத்தடை மாத்திரையால் வரும் இரத்தப்போக்கை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மாத்திரை பிரச்சினையை மறைக்கும், எலும்பைக் காப்பாற்றாது.

கேள்வி: பிரெஞ்சு வீராங்கனை பாலின் ஃபெராண்ட்-பிரேவோ நாலு கிலோ குறைத்துத்தான் 2025-இல் பெண்கள் டூர் டி பிரான்ஸை வென்றார். நான் ஏன் குறைக்கக் கூடாது?

அவர் வென்றது உண்மை. பாரிஸ் ஒலிம்பிக்கில் மலை சைக்கிளில் தங்கம் வாங்கியவர், 33 வயது, பின்னால் ஓர் அணியே கவனித்துக்கொண்டது. வருடம் முழுக்க அப்படி இருக்க முடியாது என்று அவரே சொன்னார். இரண்டாவதாக வந்த டெமி வொலரிங், தன் உடல் அவ்வளவு மெலிவுக்கானதல்ல என்றார். அதே மலைகளில்தான் அவரும் ஏறினார்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மலையேறும் வேகத்தைத் தீர்மானிப்பது, ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் வலு என்பதுதான். 60 கிலோவில் 270 வாட் என்றால் கிலோவுக்கு 4.5. பட்டினி கிடந்து 58 கிலோவுக்கு வந்து, வலு 258 வாட் ஆகிவிட்டால் 4.45. எடை மெஷின் உங்களைப் பாராட்டும், மலை பாராட்டாது.

கேள்வி: ஓட்டும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல் பாக்கெட் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. வேறு என்ன?

வீட்டுச் சர்க்கரை போதும். அதில் குளுக்கோஸ் பாதி, ஃபிரக்டோஸ் பாதி. இரண்டும் குடலில் வெவ்வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் குளுக்கோஸ் மட்டும் குடிப்பதைவிட அதிகம் உள்ளே போகும். 750 மில்லி தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, பாதி எலுமிச்சை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. கடலை மிட்டாய் நிதானமான ஓட்டத்துக்கு நல்லது. பந்தயத்தின் நடுவில் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு செரிக்க நேரமாகும். ஐரோப்பாவின் தொழில்முறை வீரர்கள் சிலர் மணிக்கு 120 கிராம் வரை எடுக்கிறார்கள். நீங்கள் நாளைக்கே முயன்றால் வயிறு புரட்டும். 40-இல் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுங்கள்.

கேள்வி: வாரம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், வயது 24. இடுப்பு முதுகெலும்பில் எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. எப்படி?

சைக்கிளில் உடல் எடையை சீட் தாங்குகிறது, எலும்பை வலுவாக்கும் அதிர்ச்சி கிடைப்பதில்லை. அதோடு சாப்பாடும் குறைந்தால் இப்படித்தான். முதலில் சாப்பாட்டை நிரப்புங்கள். இரத்தத்தில் வைட்டமின் டி, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு) அளவுகளைப் பாருங்கள். மருத்துவர் சரி என்றால் வாரம் இரண்டு முறை எடை தூக்குங்கள், அப்புறம் ஸ்கிப்பிங்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. பயிற்சியில் வாராவாரம் எல்லோர் முன்னாலும் எடை பார்க்கிறார்கள். இப்போது இரவு சாப்பாட்டைத் தவிர்க்கிறான்.

அம்மா, இதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. 19 வயதில் நானும் அப்படித்தான் வரிசையில் நின்றேன். எடை பார்க்கும் நாளுக்கு முந்தின இரவு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். இவன் வளரும் பிள்ளை, இவனுக்கு எடை குறைப்பே கூடாது. பயிற்சியாளரிடம் நேரில் போய், எடை பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மறுத்தால் இடத்தை மாற்றுங்கள். இரவு அவனைத் தனியாக உட்காரவிடாதீர்கள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் தட்டைத் தள்ளினால் குழந்தைகள் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். அதுவரை, பயிற்சி முடிந்து வரும்போது ஒரு டம்ளர் பாலும் இரண்டு தோசையும் தயாராக இருக்கட்டும்.