கால்குலேட்டர் பொய் சொல்லுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கால்குலேட்டர் பற்றியவை. போனிலேயே எல்லாம் இருக்கும்போது யார் இன்னும் கால்குலேட்டர் வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கடைக்காரர்கள் வாங்குகிறார்கள், காலேஜ் பிள்ளைகள் வாங்குகிறார்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, கழற்றிப் பார்த்துப் பழகியவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

கேள்வி: கடைக்குப் புதிதாக கேசியோ மேசைக் கால்குலேட்டர் வாங்கினேன். 500 ரூபாய்ச் சரக்குக்கு ஜிஎஸ்டி சேர்க்க 500 + 18 % என்று அழுத்தினால் 609.75 என்கிறது. பழையதில் சரியாக 590 வரும். புதியது பழுதா? (ஹார்டுவேர் கடைக்காரர், விருதுநகர்)

பழுது இல்லை. வாங்கிய கடையில் போய்ச் சண்டை போட்டுவிடாதீர்கள். அந்த % பொத்தானுக்கு ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் வேறு. நீங்கள் கேட்டது "500-க்கு மேல் 18 சதவீதம் போடு" என்று. அது புரிந்துகொண்டது வேறு: "அடக்கம் 500, விற்கிற விலையில் 18 சதவீதம் எனக்கு லாபமாக நிற்க வேண்டும், என்ன விலை சொல்லலாம்?" அதற்காக 500-ஐ 0.82-ஆல் வகுக்கிறது. 609.75-க்கு விற்றுப் பாருங்கள், அதில் 18 சதவீதம் 109.75, போக மீதி உங்கள் 500. வியாபாரிக்கு உதவுவதாக நினைத்து வைத்த வசதிதான், ஆனால் நம் ஊரில் ஜிஎஸ்டி போடுகிறவர்களுக்கு அதுவே வில்லங்கம். எனக்கே இது தெரியவந்தது ஒரு நண்பரின் பெயின்ட் கடையில்தான். ஒரு வாரம் பில் போட்டு முடித்த பிறகு வாடிக்கையாளர் ஒருவர் போனில் கணக்குப் போட்டுக் காட்ட, நண்பர் முகத்தில் ஈயாடவில்லை.

அதே கால்குலேட்டரில் 500 × 18 % + என்று அழுத்திப் பாருங்கள், 590 வரும். தள்ளுபடிக்கு கடைசியில் + போடாமல் − போடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் % பொத்தானை மறந்தே விடுங்கள். வரி சேர்க்க 1.18-ஆல் பெருக்குங்கள், வரி சேர்ந்த தொகையிலிருந்து அடக்கத்தைப் பிரிக்க 1.18-ஆல் வகுங்கள். எந்தக் கால்குலேட்டரிலும், போனிலும், ஏன் பேப்பரிலும் ஒரே விடைதான் வரும். 590-இல் 18 சதவீதத்தைக் கழித்துவிட்டு 483.80 என்று பில் எழுதுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

இன்னொரு வித்தையும் சொல்கிறேன், கேசியோ வைத்திருப்பதால் உங்களுக்குப் பயன்படும். 1.18 அடித்து × பொத்தானை இரண்டு முறை தட்டுங்கள், திரையில் சின்னதாக K என்று வரும். இனி 500 = என்றால் 590, அடுத்து வெறும் 750 = என்றால் 885. ஒவ்வொரு சரக்குக்கும் 1.18 அடிக்க வேண்டாம். நாற்பது ஐட்டம் உள்ள பில்லுக்கு எவ்வளவு தட்டல் மிச்சம் என்று பாருங்கள்.

கேள்வி: 2 + 3 × 4 எவ்வளவு என்று வீட்டுக்காரருக்கும் எனக்கும் பந்தயம். அவர் கம்ப்யூட்டரில் போட்டு 20 என்கிறார், என் போன் 14 என்கிறது. யார் ஜெயித்தது? (இல்லத்தரசி, நாமக்கல்)

நீங்கள்தான். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்று பள்ளியில் படித்தது மாறவில்லை. ஆனால் அவருடைய கம்ப்யூட்டரும் கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் கால்குலேட்டரில் ஸ்டாண்டர்ட் என்ற முறையில் இருந்தால் கடைக் கால்குலேட்டர் மாதிரி வந்த வரிசையிலேயே செய்யும்: 2-ம் 3-ம் 5, நாலால் பெருக்கினால் 20. அதையே சயின்டிபிக் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், 14 வரும். ஒரே புரோகிராம், இரண்டு விடை!

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கால்குலேட்டர் இருந்தால் ஒரு வேடிக்கை பாருங்கள். 10-இன் அடுக்கு 100, கூட்டல் 1, கழித்தல் 10-இன் அடுக்கு 100. விடை 1 என்று சரியாகச் சொல்லும். காலேஜ் பிள்ளைகள் வைத்திருக்கும் சயின்டிபிக் கால்குலேட்டரில் இதைப் போட முடியாது, அடுக்கு 99-உடன் நின்றுவிடும். அடுக்கை 50 ஆக்கிப் போட்டால் 0 என்கும். பத்துப் பதினைந்து இலக்கத்துக்கு மேல் அதால் நினைவில் வைக்க முடியாது, அவ்வளவு பெரிய எண்ணில் அந்த ஒற்றை 1 காணாமல் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாதாரண ஆப்புக்குள் இப்படித் துல்லியக் கணக்கை வைத்தவர் ஹான்ஸ் போம் என்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி. பால் கணக்குப் போட இது தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான்.

கேள்வி: மகள் இன்ஜினீயரிங் சேருகிறாள். கேசியோ 991 சயின்டிபிக் கால்குலேட்டரில் எம்எஸ், இஎஸ் பிளஸ், இஎக்ஸ், சிடபிள்யூ என்று கடைக்காரர் நான்கு மாடலைக் காட்டுகிறார். எது வாங்க? (தந்தை, திண்டுக்கல்)

கடைக்குப் போவதற்கு முன் காலேஜில் கேளுங்கள். புரோகிராம் செய்ய முடியாத கால்குலேட்டர் என்பது பொதுவான விதி, அதற்கு மேல் எந்த மாடல் கூடாது என்று துறையில் சொல்வார்கள். பரீட்சை ஹாலில் பிடுங்கி வைத்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கி என்ன பயன்?

அனுமதி பிரச்சினை இல்லை என்றால் நான் இஎஸ் பிளஸ் என்பேன். பின்னம், வர்க்கமூலம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே திரையில் தெரியும், அடித்தது சரியா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். எம்எஸ் மட்டமில்லை. ஆனால் எல்லாம் ஒரே வரியில் ஓடும், அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் தேடிக் கண்டுபிடிக்கக் கண் வலிக்கும். சிடபிள்யூ புது வரவு, திரை அழகு, ஆனால் பொத்தான்களை இடம் மாற்றி, பல வேலைகளை மெனுவுக்குள் தள்ளிவிட்டார்கள். சீனியர் அக்கா "இதை அழுத்து, அப்புறம் அதை அழுத்து" என்று சொல்லித் தருவதெல்லாம் அதில் செல்லாது, அவளாகவே தடவிக் கற்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வைத்திருப்பதில் உள்ள லாபம் எந்த விளம்பரத்திலும் வராது.

பிளஸ் டூ வரை கால்குலேட்டர் இல்லாமல் கிளார்க்ஸ் டேபிள் என்கிற லாக் புத்தகத்தைப் புரட்டி வந்த பிள்ளை என்பதால் இதையும் சொல்லி அனுப்புங்கள்: ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் sin 30 போட்டுப் பார்க்க வேண்டும். 0.5 வந்தால் சரி. −0.988 என்று வந்தால் கோணத்தை டிகிரியில் எடுக்காமல் ரேடியனில் எடுக்கிறது. யாரோ இரவல் வாங்கி மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், அது தெரியாமல் மூன்று மணி நேரம் தப்புத் தப்பாக எழுதி வந்தவர்கள் உண்டு. பின்னாளில் எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வு எழுதுவதாக இருந்தால் அங்கே சொந்தக் கால்குலேட்டருக்கே அனுமதி கிடையாது. திரையில் வருவதை மவுஸால் தட்டித்தான் கணக்குப் போட வேண்டும், அதற்குத் தனியாகப் பழகணும்.

கேள்வி: பிளஸ் டூ முடித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இன்னும் இருக்கிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் குளித்து வரலாம், அவ்வளவு மெதுவு. விண்டோஸ் 10-உம் முடிந்துவிட்டது என்கிறார்கள். தூக்கிப் போடலாமா? (வாசகர், பெரம்பலூர்)

போடாதீர்கள். அதில் கிழடு தட்டியது ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது, ஒரு முள் அங்குமிங்கும் ஓடி ஓடித் தேடுகிறது. ரெக்கார்டு பிளேயர் மாதிரி என்று வையுங்கள். வினாடிக்கு நூறு இடம் தேடினால் பெரிது, விண்டோஸ் எழுந்திருக்கவோ ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைத் தேட வேண்டும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி வெறும் சிப்தான், அதில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. உங்கள் லேப்டாப்புக்கு 240 அல்லது 256 ஜிபியில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும், பழையதைக் கழற்றிய இடத்திலேயே உட்காரும். போட்டோக்களை முதலில் வேறு எங்காவது எடுத்து வையுங்கள், சர்வீஸ் கடையில் கொடுத்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. ரேமை 8 ஆக்க இடமிருந்தால் அதையும் செய்யுங்கள்.

அடுத்தது விண்டோஸ். 2025 அக்டோபர் 14-உடன் பத்துக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. பதினொன்றோ உங்கள் லேப்டாப் வயசில் உள்ள பிராசஸரைச் சேர்த்துக்கொள்ளாது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலே தொடங்குகிறது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடச் சொல்வேன். பிரவுசர், யூடியூப், கடிதம், எக்ஸெல் மாதிரிக் கணக்கு, பிள்ளைகளின் பாடம், எல்லாம் நடக்கும். விண்டோஸுக்கென்றே உள்ள டேலி கணக்கு சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், 2011-இல் இந்தத் திட்டம் தொடங்கிய காலத்து லேப்டாப்புகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. வாங்கிய மறுநாளே அதை அழிக்கச் சொல்லி என்னிடம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் தெரியுமா! நானும் அழித்துக் கொடுத்தேன், இப்போது லினக்ஸுக்கு உபதேசம் செய்கிறேன்.

கேள்வி: 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள்? (மாணவர், தஞ்சாவூர்)

யாரும் இல்லை. விற்கிறவருக்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணும் பழக்கம், விண்டோஸுக்கு 1024 ஆக. லட்சம் கோடி பைட்டை மூன்று முறை 1024-ஆல் வகுத்துப் பாருங்கள், 931 வரும்.

கேள்வி: 20000 எம்ஏஎச் பவர் பேங்க், என் போன் 5000. நாலு தடவை சார்ஜ் ஆக வேண்டாமா? மூன்றாவது தடவையே மூச்சு வாங்குகிறது. (வாசகி, கோவை)

ஆகாது. அந்த 20000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. யுஎஸ்பி வழியாக வெளியே வரும்போது 5 வோல்ட்டாக ஏற்ற வேண்டும், போனுக்குள் போய்த் திரும்ப இறக்க வேண்டும், இரண்டு இடத்திலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும். தொட்டுப் பார்த்தால் தெரியுமே. இரண்டரை, மூன்று தடவை வந்தால் நல்ல பவர் பேங்க். முதுகில் பொடி எழுத்தில் "ரேட்டட்" என்று 12000 மாதிரி ஒரு எண் இருக்கும், வாங்கும்போது அதைப் பாருங்கள். விமானத்தில் கொண்டுபோகலாமா என்று அடுத்து கேட்பீர்கள்: 20000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் அவர், 100 வரை கையோடு கொண்டுபோகலாம். செக்-இன் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: மாதம் நாலைந்து பக்கம்தான் பிரின்ட் எடுப்பேன். இங்க் டேங்க் நல்லதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

வேண்டாம் ஐயா. சும்மா இருந்தால் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கறுப்பு மட்டும் போதுமென்றால் லேசர் வாங்குங்கள், அதில் இருப்பது பொடி, காய்வதற்கு ஒன்றுமில்லை. நாலு பக்கத்துக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை இன்னும் மலிவு.

கேள்வி: தமிழில் வேகமாக டைப் செய்ய தமிழ்99 கற்கவா, ஆங்கில எழுத்தில் அடித்தே காலத்தை ஓட்டவா? (வாசகர், மதுரை)

வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்றால் ஓட்டுங்கள். பக்கம் பக்கமாக எழுதுகிறவர் என்றால் தமிழ்99-தான். "அம்மா" என்பதற்கு நாலே தட்டல்: அ, ம, ம, ஆ. இரண்டு ம அடித்தால் முதல் ம-வுக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும், ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. 1999-இல் அரசு ஏற்ற விசைப்பலகை, உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும், எனக்கு இருபது நாள் ஆனது.

கேள்வி: உங்களிடம் உள்ளவற்றில் எதை விற்கவே மாட்டீர்கள்? (வாசகர், சேலம்)

எச்பி 12சி கால்குலேட்டர். வங்கி, பைனான்ஸ் ஆட்களுக்காக 1981-இல் வந்தது, பல்லாண்டுகளாகக் கடையில் இருக்கிறது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. அதில் = பொத்தானே கிடையாது. மேலே நாமக்கல் பந்தயத்தை இதில் போட்டால் 3 என்டர் 4 × 2 + என்று அடிக்க வேண்டும், எதை முதலில் செய்வது என்று நீங்களே தீர்மானித்தாக வேண்டும். யாராவது இரவல் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பேன். ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர்களே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.