கேள்வி – பதில்: ஓடும் வீட்டில் கீரை முளைக்குமா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் கணவரும் டெம்போ டிராவலரை வீடாக மாற்றி அதிலேயே ஊர் ஊராகப் போகப்போகிறோம். சாப்பாட்டுக்கு முடிந்தவரை கடையை நம்பாமல் இருக்க ஆசை. கூரையில் தொட்டி வைத்துப் பயிர் செய்யலாமா? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: அரிசி ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்றால் இருவருக்கும் ஆண்டுக்கு 220 கிலோ வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் காணும் நிலத்தில்கூட, ஒரு போகத்தில் இதை எடுக்க ஏறக்குறைய 14 சென்ட் தேவை. உங்கள் வேனின் கூரை அரை சென்ட்கூடத் தேறாது. அரிசி, பருப்பு, எண்ணெய், புளியை வாங்கி அடைத்துக்கொண்டு, வாடிப்போகிற சரக்கை மட்டும் வண்டியில் வளருங்கள்.

கூரையில் தொட்டி வேண்டவே வேண்டாம். ஈரமண் நிரம்பிய 20 லிட்டர் பை ஒன்றே 25 கிலோவைத் தாண்டும். அந்தக் கனம் உச்சியில் இருந்தால் வளைவுகளில் வண்டி ஆடும். போதாததற்கு, ஓடுகிற வண்டியின் எதிர்காற்று ஒரே நாளில் இலையைக் கருக்கிவிடும்.

உங்களுக்கு ஏற்றது வெந்தயக்கீரை. ஓட்டை போட்ட 45 × 30 செ.மீ. தட்டுகள் நான்கு, அவற்றுக்கு அடியில் வைக்க ஓட்டையில்லாத தட்டுகள் நான்கு வாங்குங்கள். 650 கிராம் தென்னைநார்க்கழிவுக் கட்டி ஒன்றை ஊறவைத்து, உப்புப் போக இரண்டு முறை அலசிப் பிழிந்தால் இரண்டு தட்டுகளுக்குக் காணும். இதில் கால் பங்கு மண்புழு உரம் கலந்து 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். தட்டுக்கு 50 கிராம் வெந்தயத்தை இரவு ஊறவைத்து நெருக்கமாகத் தூவுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தட்டு என்று விதைத்து வந்தால், 12ஆம் நாள் முதல் தட்டை அறுக்கலாம். இருவருக்கு ஒரு வேளைக் கூட்டுக்குப் போதும்.

தண்ணீரை அடித்தட்டில் ஊற்றி, அரை மணியில் மிச்சத்தை வடித்துவிடுங்கள். மேலே தெளித்து ஜன்னலையும் சாத்தி வைத்தால் தண்டின் அடி அழுகி, நாற்று கொத்தாகச் சாயும். அப்படிச் சாய்ந்த தட்டைத் தேற்ற முடியாது, அப்படியே கொட்டிவிடுங்கள். வண்டி ஓடும்போது தட்டுகளின் இடம் தரைதான். விதையை மளிகைக் கடையிலேயே வாங்குங்கள். விதைக்கடையில் சாயம் பூசி விற்பதில் பூஞ்சைக்கொல்லி இருக்கும்.

கேள்வி: வண்டியில் பயறு முளைகட்டினால் கொழகொழவென்று நாறுகிறது. தயிரும் உறைவதில்லை. ஏன்? – வாசகர், திருச்சி

பதில்: வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரிகூடத் தாண்டும். அந்தச் சூட்டில் முளை செத்து, கிருமிதான் பெருகும். பச்சைப்பயறு 50 கிராமை 8 மணி நேரம் ஊறவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காமல் வடித்துத் துணியில் கட்டி, காற்றாடும் நிழலில் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் குடிநீரில் அலசுங்கள். நாறினால் கழுவிச் சமைக்கலாம் என்று பார்க்காதீர்கள். நன்றாக இருப்பதையும் ஆவியில் வேகவைத்தே சாப்பிடுங்கள். 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தயிருக்குக் குலுக்கல்தான் எமன். பாதி உறைந்த நிலையில் வண்டியை எடுத்தால் தண்ணீர் பிரிந்து திப்பிதிப்பியாகிவிடும். இரவில் வண்டியை நிறுத்திய பிறகு உறை ஊற்றுங்கள். பால் கிடைக்காத ஊரில் 125 கிராம் பால்பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் இரண்டு டீஸ்பூன் உறைமோர் விட்டால் போதும். இட்லி மாவுக்குப் பாத்திரத்தில் பாதியைக் காலியாக விடுங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள்.

கேள்வி: போகிற வழியில் சாலையோரக் கீரையைப் பறிக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: நெடுஞ்சாலை ஓரத்திலும் சாக்கடைக் கரையிலும் வேண்டாம்; அங்கே புகை, தூசி, கழிவு எல்லாம் சேரும். தோட்டக்காரரிடம் கேட்டு, களைக்கொல்லி அடிக்காத வரப்பில் மூக்கிரட்டை, பண்ணைக்கீரை பறிக்கலாம். அடையாளம் தெரியாத இலையைத் தொடாதீர்கள். முருங்கைக்கீரை மிஞ்சினால் நிழலில் காயவைத்துப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவையுங்கள்.