பட்டாசுச் சத்தமும் பின்கட்டு அறையும்

வணக்கம் மேடம். எனக்கு 29 வயது, சென்னையில் வேலை. ஊர் வேலூர் பக்கம், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடே குறைவான கிராமம். என்னை வளர்த்தது அம்மாவின் அப்பா. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து மாதம் முன்பு, 78 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

காலை ஐந்து மணிக்கு ஷேவிங் முடிந்திருக்கும். என் ஸ்கூல் ஷூவுக்கு அவர்தான் பாலிஷ் போடுவார், குதிகால் பக்கமும் சேர்த்து. சண்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "குளிர் ஜாஸ்திடா" என்பதோடு சரி.

தீபாவளி ராத்திரி பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பார். பாட்டியும் கூடப் போய்விடுவார். எனக்கு 12 வயதில், சொந்தக்காரர்கள் கூடியிருந்த முற்றத்தில் நின்று, "பட்டாசுக்குப் பயந்த பட்டாளத்தார்!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். அப்புறம் வருஷா வருஷம் அதுவே எங்கள் வீட்டு ஜோக்.

காரியம் முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பஷ்சிமி ஸ்டார் பதக்கம் கிடைத்தது. 1971 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது என்று தேடித் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்த ஜோக்தான் தலைக்குள் ஓடுகிறது. தூக்கம் சரியில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகவே பயமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இல்லையே, நான் என்ன செய்ய?

தம்பி,

1971 என்றால் நமக்கெல்லாம் டிசம்பர் 16, டாக்கா சரணடைதல்தான் நினைவுக்கு வரும். மேற்கு எல்லையில் மறுநாள் இரவுதான் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்தப் பதக்கம் உங்கள் தாத்தா அங்கே இருந்தார் என்று மட்டும்தான் சொல்கிறது. என்ன பார்த்தார் என்பதை நீங்களாகவே கற்பனை செய்து, அதற்கும் சேர்த்துத் தண்டனை அனுபவிக்கிறீர்கள்.

பார்க்காத ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் போருக்குப் போய் வந்தவர்கள் திடீர்ச் சத்தத்துக்கு வெகுகாலம் உடல் விறைப்பது உண்டு. அதைக் கோழைத்தனம் என்று நினைப்பது தவறு. ஆபத்தில் உயிரைக் காத்த பழக்கத்தை உடம்பு விட மறுக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இதற்கு ஒரு தனிப் பெயர் ஏறியதே 1980-ல். தாத்தா திரும்பி வந்தபோது பெரியவர்களுக்கே தெரியாத விஷயம், 12 வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? முற்றத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவர்கூட உங்களை அதட்டவில்லை என்பதையும் கவனியுங்கள்.

தாத்தா ஏன் சிரித்தார் என்று எனக்கும் தெரியாது. பேரன் கொடுத்த ஜோக், விளக்கம் சொல்லாமல் அறைக்குள் போக அவருக்கு வசதியாகக்கூட இருந்திருக்கலாம். மறுநாளும் உங்கள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டாரா இல்லையா? அதை யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் என்னை உறுத்தியது. உங்கள் கடிதத்தில் பாட்டி ஒரே வரியில் வந்து போய்விடுகிறார். அத்தனை தீபாவளியும் அந்த அறையில் கூட இருந்தவர் அவர்தானே? மன்னிப்பை அவரிடம் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். பதிலுக்கு அவர் திட்டினாலும் பரவாயில்லை. நீங்கள் தேடும் தாத்தாவில் பாதி அவரிடம் இருக்கிறார். ராணுவ கேன்டீன் வரிசையில் தாத்தாவோடு நின்ற பழைய பட்டாளத்துக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், அவர்களையும் போய்ப் பாருங்கள். போர்க்கதையாகத் துருவாதீர்கள். மெஸ்ஸில் என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை போட்டார் என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும்.

இன்னும் சில வாரம் போயும் தூக்கம் திரும்பவில்லை, வேலை ஓடவில்லை என்றால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போங்கள். துக்க வருஷம், உங்கள் வீட்டில் வெடி இருக்காது, தெருவில் இருக்கும். சத்தம் தொடங்கியதும் பாட்டியோடு பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ரேடியோவில் எந்த ஸ்டேஷன் வைப்பார் என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.