மதக் கல்விக்காகப் பள்ளியை விட்டு நிறுத்தலாமா?

சகோதரி, எட்டு வயது மகளை அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தி, மத போதனையோடு வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று கணவர் பிடிவாதமாக இருப்பதாகவும், உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்கு அனுமதி உண்டு, விதிகள்தான் மாறும். ஜெர்மனியில் மதக் காரணம் சொன்னாலும் நடக்காது. அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும், 2006-இல் மனு ஏற்கப்படவில்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகும் வார இறுதியிலும் பெற்றோர் மதக் கல்வி கொடுக்கத் தடையில்லையே என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சட்டம் எதுவானாலும், இதை உங்கள் வீட்டுப் பேச்சில் சமரசமாக முன்வைக்கலாம்.

அப்புறம், யோசனை அவருடையது சரி, தினமும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் போவது யார்? பெரும்பாலும் அது அம்மா தலையில்தான் விழும். கணக்குக்கும் அறிவியலுக்கும் எந்தப் பாடத்திட்டம், பரிணாமம் பற்றிய பாடம் இருக்குமா, பிறகு பள்ளிக்குத் திரும்ப எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்றெல்லாம் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்தால் பாதி பிடிவாதம் தளரும்!

பள்ளியில் அவரைப் பயமுறுத்தியது எது என்றும் கேளுங்கள். ஏதாவது ஒரு பாடமா, மகளை யாராவது கேலி செய்தார்களா? அப்படியானால் ஆசிரியரிடம் பேசிப் பார்க்கலாம். எந்த நாடு என்று சொன்னால் மேலும் எழுதுகிறேன்.