கணவருக்கு 45 குரோமோசோம்: ஐ.வி.எஃப். தான் வழியா?

கேள்வி: எனக்கு வயது 29. 8, 9 வாரங்களில் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும்) பரிசோதனையில் எனக்கு நார்மல். கணவர் ரிப்போர்ட்டில் '45, எக்ஸ்ஒய், டெர்(13;14)' என்று இருக்கிறது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு எப்படி ஒன்று குறையும்? இயற்கையாகக் குழந்தை பிறக்குமா?

பதில்: பிறக்கும். வழக்கமான 46-இல், எண்ணிக்கையில்தான் ஒன்று குறைவு. அவருடைய 13-ஆம் குரோமோசோம் ஒன்றும் 14-ஆம் குரோமோசோம் ஒன்றும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன. ஒட்டும்போது உதிர்ந்தவை குட்டைக் கைகள் (குரோமோசோமின் சிறிய முனைப் பகுதிகள்) மட்டுமே. அங்குள்ள மரபணுக்களின் நகல் வேறு குரோமோசோம்களிலும் இருப்பதால் அவருக்குப் பாதிப்பில்லை. இதை ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்பார்கள்; ரிப்போர்ட்டில் 'டெர்(13;14)' என்பது இதுதான். அதிலும் 13–14 ஒட்டுதான் மிகச் சாதாரணம்.

சிக்கல் விந்தணு உருவாகும்போது வருகிறது. ஒட்டிய ஒன்றையும் ஒட்டாத இரண்டையும் பிரிக்கையில் ஆறு வகைப் பங்கீடு நடக்கலாம்: முழு நார்மல், அப்பாவைப் போன்ற ஒட்டு, 13 கூடியது, 13 குறைந்தது, 14 கூடியது, 14 குறைந்தது. 'ஆறில் இரண்டுதானே நல்லது' என்று கணக்குப் போட்டுக் கலங்காதீர்கள். ஆறும் சம அளவில் உருவாவதில்லை. விந்தணுக்களில் பெரும்பாலானவை அந்த நல்ல இரண்டு வகைதான். குறைந்தவை மிகத் தொடக்கத்திலேயே நின்றுவிடும், 14 கூடியது கலைந்துவிடும். 13 கூடியது மட்டும் அரிதாகப் பிரசவம்வரை போகும்.

இரண்டு இழப்புக்கும் இதையே காரணமாக்கிவிட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில், பெற்றோர் இருவரும் நார்மலாக இருந்தாலும், குரோமோசோம் கோளாறு இருக்கும். தைராய்டு, ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தம் உறைவதைத் தூண்டிக் கருவைக் கலைக்கக்கூடியது), கருப்பை ஸ்கேன், விந்துப் பரிசோதனை (இந்த ஒட்டு இருப்போருக்கு எண்ணிக்கை குறைவாக இருப்பதுண்டு) இவற்றை விட்டுவிடாதீர்கள்.

விந்து எண்ணிக்கை சரியாக இருந்தால், உங்கள் வயதில் இயற்கையாக முயல்வதையே முதலில் சொல்வேன். கரு தங்கினால் 11–13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு, அல்லது 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். ஐ.வி.எஃப்.பில் (சோதனைக்குழாய் முறையில்) கருவைச் சோதித்துக் கருப்பையில் வைப்பது இழப்பைக் குறைக்கும். ஆனால் சோதித்த கருவும் தங்காமல் போகலாம்.

மறுபடி கலைந்தால், குரோமோசோம் பரிசோதனைக்கான திசுவை ஃபார்மலினில் (பதப்படுத்தும் திரவத்தில்) போட விடாதீர்கள். செல் செத்துவிடும், வளர்க்க முடியாது. கிருமி நீக்கிய சலைனில் அன்றே லேபுக்குப் போக வேண்டும். '46, எக்ஸ்எக்ஸ்' (நார்மல் பெண்) என்று வந்தால், அது கருவுடையதா, உங்கள் திசு கலந்ததா என்று கேளுங்கள்.

கணவரின் உடன்பிறந்தவர்களுக்கும் இதே ஒட்டு இருக்கலாம்; அவர்களும் ஒருமுறை கேரியோடைப் பார்த்துக்கொள்ளட்டும்.