பையன் ஷோகி வீரன் ஆகணும் என்கிறான், விடலாமா?

கேள்வி: நாங்கள் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, ஜப்பானியப் பள்ளியில் படிக்கிறான். கூடப் படிக்கும் பையன்களோடு ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) ஆட ஆரம்பித்தவன், இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்ட மன்றத்தை விட்டு வருவதில்லை. அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கான தரப் படிகளில் 3 டான் வாங்கிவிட்டான். அங்கே சொல்லித்தரும் பெரியவர், "தொழில்முறை வீரர்களை உருவாக்கும் ஷோரெய்காய்க்குத் தேர்வு எழுத வையுங்கள்" என்கிறார். என் கணவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "செஸ் என்றாலாவது ஊரில் நாலு பேருக்குத் தெரியும்" என்கிறார். படிப்பு கெட்டுவிடுமோ என்று எனக்கும் பயம்.

பதில்: உங்கள் கணவர் சொன்ன செஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன். செஸ்ஸில் நாற்பது வயதில்கூட நார்ம் எனும் போட்டித் தகுதிகளைச் சேர்த்து கிராண்ட்மாஸ்டர் ஆகலாம். படிப்பை முடித்து, வேலைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஷோகியில் தொழில்முறை வீரர் என்பது கிட்டத்தட்ட ஒரு உத்தியோகம். ஜப்பான் ஷோகி சங்கம் ஆள் எடுக்கிறது. எத்தனை பேர், எந்த வயதுக்குள் என்பதெல்லாம் கறாராக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும், மீதிப் பாதி நியாயமான பயமாக மாறிவிடும்.

ஷோரெய்காய் என்பது சங்கத்தின் பயிற்சிக் களம். பெரும்பாலானவர்கள் 6 க்யூவில் நுழைகிறார்கள். க்யூ என்பது டானுக்குக் கீழே உள்ள படி, 6இலிருந்து 1 வரை ஏறி, பிறகு 1 டான், 2 டான் என்று போகும். பெயரைப் பார்த்துக் குறைவாக எண்ண வேண்டாம், வெளியே அமெச்சூர் 4, 5 டான் ஆடுகிறவர்களே அங்கே 6 க்யூவில் திணறுவார்கள். அங்கிருந்து ஏறி 3 டான் வந்ததும் ஒரு லீக் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு 18 ஆட்டம். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடுவார்கள், முதல் இரண்டு பேர் 4 டான் ஆகித் தொழில்முறைக்குள் போவார்கள். ஆக, ஆண்டுக்கு நான்கு பேர். மூன்றாம் இடத்தை இரண்டு முறை பிடித்தவருக்கு ஒரு பக்கவாட்டு வாசல் உண்டு, ஆனால் அதை நம்பி யாரும் இறங்குவதில்லை.

வயதுக் கணக்குதான் பெற்றோர் மனப்பாடம் செய்ய வேண்டியது. 21 வயது நிறைவதற்குள் 1 டான், 26 நிறைவதற்குள் 4 டான். கடைசிப் பருவத்தில் தோல்வியை விட வெற்றி கூடுதலாக இருந்தால் அடுத்த பருவம் ஆட விடுவார்கள், அதுவும் 29 வரைதான். அதற்குப் பிறகு மூட்டை கட்ட வேண்டியதுதான். பத்துப் பன்னிரண்டு வயதில் நுழைந்து 26 வயதில் கையில் சான்றிதழ் எதுவும் இல்லாமல் வெளியே வரும் இளைஞர்கள் அங்கே ஆண்டுதோறும் இருக்கிறார்கள். என் கவலை அவர்களைப் பற்றித்தான்.

இப்போது எல்லோரும் ஃபுஜி சோட்டாவைக் காட்டுவார்கள். 2002இல் பிறந்தவர், 2016 அக்டோபரில் 14 வயதில் தொழில்முறைக்கு வந்தார், அடுத்த ஆண்டே தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்தார், 2023இல் எட்டுப் பெரிய பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்தார். உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் தறுவாயில் விட்டுவிட்டார் என்பதும் உண்மை. உங்கள் பையன் இதை ஏற்கெனவே சொல்லியிருப்பான்! அவர் பள்ளியை விட்டபோது கையில் இரண்டு பட்டங்கள் இருந்தன என்பதை நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள். இதோடு இதோதானி டெட்சுரோவைப் பற்றியும் சொல்லுங்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துக்கொண்டே 2014இல் அந்த எட்டில் ஒன்றான ரியூஓ பட்டத்தை வென்றவர். ஹிரோசே அகிஹிட்டோ வசேடா பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே 2010இல் இன்னொரு பெரிய பட்டமான ஓய் பட்டத்தைப் பெற்றார். படிப்பும் ஷோகியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. கஷ்டம், ஆனால் நடந்திருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும், நானே சொல்லிவிடுகிறேன். 2023இல் ஃபுஜியின் ஆட்ட வருமானம் 18 கோடி யெனுக்கு மேல். அதே பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கீழே போகப் போக இன்னும் குறையும். ஆட்டக் கட்டணம், பரிசுப் பணம், சொல்லித்தருவது, ஆட்ட வர்ணனை செய்வது, புத்தகம் எழுதுவது என்று சேர்த்துத்தான் குடும்பம் ஓடும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஏறக்குறைய 170 பேர். ஷோரெய்காயில் இருக்கும்வரை சம்பளம் என்று எதுவும் கிடையாது, ஆட்டங்களுக்குக் குறிப்பெடுத்தால் கொஞ்சம் கைக்காசு.

அந்தக் குறிப்பெடுக்கும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய வீரர்கள் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சில போட்டிகள் நள்ளிரவைத் தாண்டும். பக்கத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்து ஒரு சிறுவன் ஒவ்வொரு நகர்வையும் செலவான நேரத்தையும் பதிவு செய்வான். நேரம் தீர்ந்த பிறகு ஒரு நகர்வுக்கு ஒரு நிமிடம்தான் என்றால், "ஐம்பது விநாடி, ஒன்று, இரண்டு" என்று இவன்தான் உரக்க எண்ண வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தோற்றவரே தலை வணங்கித் தோல்வியைச் சொல்வார். பிறகு இருவரும் அதே பலகையில் எங்கே தப்பு நடந்தது என்று பேசுவார்கள், பையன் கேட்டுக்கொண்டிருப்பான். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது. மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், 26இல் வெளியே வந்தால் எல்லாம் முடிந்ததா என்றால், முன்பு அப்படித்தான் இருந்தது. செகாவா ஷோஜி 1996இல் வயது வரம்பில் வெளியேறி, கல்லூரியில் படித்து, கம்பெனி வேலைக்குப் போனார். அமெச்சூராக ஆடித் தொழில்முறை வீரர்களையே வரிசையாக வீழ்த்தியதால் 2005இல் அவருக்கென்று சிறப்புத் தேர்வு வைத்தார்கள், 35 வயதில் உள்ளே வந்தார். அதன் பிறகு அது நிரந்தர விதியானது. தொழில்முறை ஆட்டங்களில் குறைந்தது 10 வெற்றி, 65 சதவீதத்துக்குக் குறையாத வெற்றி விகிதம் இருந்தால் புது 4 டான் வீரர்கள் ஐந்து பேருடன் ஆடலாம், மூன்றில் ஜெயித்தால் வேலை. இமைசுமி கென்ஜி 41 வயதில் இப்படித்தான் தேறினார். சந்தோஷமான கதைதான், ஆனால் திட்டம் போடும்போது இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அமெச்சூர் 3 டான் நல்ல நிலைதான், ஆனால் தேர்வுக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும். முதலில் கென்ஷூகாயில் சேருங்கள். சங்கமே நடத்தும் பயிற்சிக் குழு அது, விடுமுறை நாளில் ஆட்டம். உயர் வகுப்பை எட்டினால் தேர்வு எழுதாமலே ஷோரெய்காய்க்குள் போக வழி உண்டு, எட்டாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. வீட்டில் ஒரே ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: உயர்நிலைப் பள்ளியை முடிப்பது பேரத்துக்கு இல்லை. 18 வயதில் எந்தப் படியில் நிற்கிறான் என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். அப்போது ஷோரெய்காயில் 1 டான்கூட இல்லையென்றால் கல்லூரிப் பக்கம் திருப்புவது எளிது, 25 வயதில் திருப்புவது கொடுமை.

உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு விஷயம். பையன் அங்கே இருப்பது உங்கள் விசாவை நம்பித்தான். ஷோரெய்காய் சம்பள வேலை இல்லை என்பதால் அதைக் காட்டி அவன் தனியாகத் தங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பத்து, பதினைந்து வருடம் ஜப்பானில் இருக்கப் போகிறீர்களா என்பதைக் கணவரும் நீங்களும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

மன்றத்துப் பெரியவரிடம் ஒன்று கேளுங்கள். ஷோரெய்காய் தேர்வுக்கு ஒரு தொழில்முறை வீரர் குருவாக நின்று பரிந்துரைக்க வேண்டும். அவரே தொழில்முறை வீரரா, இல்லையென்றால் யாரிடம் அழைத்துப் போவார்? அந்த குருவைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தேர்வு ஆகஸ்டில் நடக்கும். இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடம் எழுதலாம், 12 வயது அங்கே தாமதம் இல்லை.